எவரெஸ்ட் ஏறிய கைக்கடிகாரம்

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் கடிகாரங்களுக்கென்றே ஒரு கூடம் உண்டு. 1631-ஆம் ஆண்டு அரச சாசனம் பெற்ற கடிகாரத் தொழிலாளர் சங்கம் பல தலைமுறைகளாகச் சேர்த்து வைத்த செல்வம் அது. முன்பு அந்நகரின் கில்டு ஹாலில் இருந்த அந்தச் சேகரம் 2015-ஆம் ஆண்டில் இங்கே இடம் பெயர்ந்தது. நடுக்கடலில் கப்பல்களுக்கு இடம் சொன்ன காலமானிகளும், பொன்னிலே செதுக்கிய சட்டைப்பைக் கடிகாரங்களும் நிறைந்த அந்தக் கூடத்தில், “இதையுமா வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்கத் தோன்றும் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றும் இருக்கிறது. வெள்ளை முகம், சாவி கொடுத்து ஓட்ட வேண்டிய பழைய வகை. முகத்தில் ‘ஸ்மித்ஸ் டீலக்ஸ்’ என்ற பெயர். நம் தாத்தாக்கள் பலர் வேட்டி சட்டையோடு கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போன கடிகாரங்களுக்கும் இதற்கும் தோற்றத்தில் பெரிய வேற்றுமை இல்லை.

ஆனால் 1953-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் முற்பகல் 11.30 மணிக்கு, உலகத்தின் மிக உயர்ந்த இடத்தில், எட்மண்ட் ஹில்லாரி என்ற நியூசிலாந்து நாட்டுத் தேனீ வளர்ப்பாளரோடு இருந்த கடிகாரம் இதுதான்.

அன்பு மாணவியரே, ‘ஒரு கடிகாரத்துக்கு இத்தனை மரியாதையா?’ என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். விடை சொல்வதற்கு முன், கைக்கடிகாரம் யாருடைய பொருளாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அது பிடிக்கும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவில் கைக்கடிகாரம் பெண்களின் அணிகலன். வளையலோடு வளையலாக அவர்கள் அணிந்தார்கள். ஆண்பிள்ளை என்றால் சங்கிலி கோத்த கடிகாரத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டினால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அடக்கியது 1914-இல் மூண்ட முதல் உலகப் போர். பதுங்கு குழியில் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் வரைபடமும் வைத்திருப்பவன், பையைத் துழாவிக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டிருக்க முடியுமா? குறித்த நிமிடத்தில் பீரங்கி முழங்க வேண்டும், குறித்த நிமிடத்தில் படை எழ வேண்டும். ஆகவே பெண்களின் அணிகலன் படைவீரர்களின் கருவியாயிற்று. போர் முடிந்ததும் மலையேறுவோரும் அதையே கட்டிக்கொண்டார்கள். அவர்களில் பலர் போரிலிருந்து திரும்பியவர்கள்.

இனி, கடிகாரத்தின் உள்ளே பார்ப்போம்.

சாவி கொடுக்கும்போது உள்ளே ஒரு எஃகு நாடா இறுகச் சுற்றிக்கொள்கிறது. அதுதான் மெயின் ஸ்பிரிங். அது விரிய முயலும்போது பல்சக்கரங்கள் சுழல்கின்றன. தடுப்பார் இல்லையென்றால் அத்தனையும் சில நொடிகளில் கரகரவென்று சுழன்று ஓய்ந்துவிடும். தடுப்பதற்காகவே பாலன்ஸ் வீல் என்ற சிறு சக்கரம் இருக்கிறது. தலைமுடி போன்ற மெல்லிய ஹேர் ஸ்பிரிங் அதை இப்படியும் அப்படியும் ஊசலாட வைக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரே ஒரு பல் மட்டும் தப்பிச் செல்ல விடுகிறது ஒரு சிறு நெம்புகோல். நாம் கேட்கும் ‘டிக், டிக்’ ஓசை அந்த நெம்புகோலின் ஓசையே. அக்காலக் கைக்கடிகாரங்கள் பெரும்பாலும் நொடிக்கு ஐந்து தடவை இப்படி ஒலித்தன. ஒரு நாளைக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள் பார்ப்போம். 4,32,000! சக்கரங்களின் அச்சுகள் இத்தனை தடவை உராய்ந்தும் தேயாதிருக்க அவற்றைச் செயற்கைக் கெம்புக் கற்களில் பொருத்துகிறார்கள். ‘15 ஜுவல்ஸ்’, ‘17 ஜுவல்ஸ்’ என்று கடிகார முகத்தில் பொறித்திருப்பது இந்தக் கற்களின் எண்ணிக்கையே. நகைக்கடையில் விற்கும் கல் என்று எண்ணி மகிழ வேண்டாம். அதற்கு விலை கிடையாது.

கற்களுக்கும் அச்சுக்கும் இடையே துளி எண்ணெய். மலையேறுபவனுக்குப் பகை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மார்கழி மாதத்து விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் என்ன ஆகிறது? எண்ணெய் உறைந்துபோய் ஒரு சொட்டும் விழாது. நம் ஊர்க் குளிருக்கே இப்படி என்றால், 27,900 அடி உயரத்துக் கூடாரத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 27 டிகிரி சென்டிகிரேடில், கடிகார எண்ணெய் என்ன பாடுபடும்! தடித்துப் பசைபோல் ஆகிச் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். பாலன்ஸ் வீலின் ஆட்டம் சுருங்கும், பிறகு நின்றேவிடும். அதனால்தான் ஸ்மித்ஸ் நிறுவனத்தார் எவரெஸ்ட் செல்லும் கடிகாரங்களுக்குக் கடுங்குளிரிலும் இளகி நிற்கும் தனி எண்ணெய் இட்டு அனுப்பினார்கள்.

குளிரின் சேட்டை இதோடு முடியவில்லை. சாதாரண எஃகினால் ஆன ஹேர் ஸ்பிரிங் குளிரில் விறைப்பாகிறது, விறைத்த சுருள் சக்கரத்தை வேகமாக ஆட்டுகிறது, கடிகாரம் முந்திப்போகிறது. ஒரு டிகிரி குறைந்தால் நாளொன்றுக்குச் சுமார் 10 விநாடி முந்தும் என்பார்கள். நம் வகுப்பறை வெப்பம் 30 டிகிரி. அந்தக் கூடாரத்தில் கழித்தல் 27. வித்தியாசம் 57 டிகிரி. ஆக நாளொன்றுக்கு 570 விநாடி, அதாவது ஒன்பதரை நிமிடம் பிழை. இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் சுவிட்சர்லாந்தில், கடிகாரத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த சார்லஸ் எடுவார்டு கியோம் என்ற அறிஞர். இரும்பையும் நிக்கலையும் வெவ்வேறு அளவில் உருக்கிக் கலந்து, வெப்பத்தால் நீளமும் விறைப்பும் ஏறக்குறைய மாறாத உலோகங்களைக் கண்டார். 1920-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு இவருக்கே கிடைத்தது. உங்கள் பாடப் புத்தகத்தில் ‘இன்வார்’ என்று ஒரு வரியில் கடந்துபோகிறீர்களே, அந்த ஒரு வரியின் பின்னால் இவருடைய வாழ்நாள் உழைப்பு இருக்கிறது.

நல்ல வேளையாக, கைக்கடிகாரத்துக்கு ஒரு துணையும் உண்டு. அது மனித உடம்பின் சூடு. கையுறைக்கும் மேலங்கிக்கும் உள்ளே, தோலோடு தோலாக இருக்கும் கடிகாரத்தை வெளிக்குளிர் நேராக எட்டுவதில்லை. கழற்றி வெளியே வைத்தால்தான் ஆபத்து.

இந்தப் பாடுகள் எல்லாம் எதற்காக? மலை உச்சியில் மணி பார்த்து என்ன ஆகப் போகிறது? யாருக்கு அங்கே பள்ளி மணி அடிக்கிறது?

எவரெஸ்ட் உச்சியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. 1953-ஆம் ஆண்டுப் பயணக் குழுவினர் உருளைகளில் பிராணவாயு சுமந்து சென்றார்கள். உருளையில் உள்ளதோ அளவானது. எத்தனை லிட்டர் இருக்கிறது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது, இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்ற கணக்குத்தான் அங்கே உயிர். நிமிடத்தைச் சொல்வது கடிகாரம்.

மே 26-ஆம் நாள் சார்லஸ் எவன்ஸ், டாம் போர்டில்லன் என்ற இருவர் முதலில் முயன்றார்கள். பிற்பகல் ஒரு மணிக்குத் தென்சிகரம் என்னும் இடத்தை அடைந்தார்கள். அதற்குமுன் எந்த மனிதனும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. மேலே இன்னும் சுமார் 300 அடிதான்! கண்ணெதிரே உச்சி. போர்டில்லனுக்கு மேலே போக ஆசை. ஆனால் மணி ஒன்றாகிவிட்டது. உருளையில் உள்ளது போய்த் திரும்பப் போதாது. எவன்ஸ் மறுத்துவிட்டார். இருவரும் இறங்கினார்கள். முந்நூறு அடிக்காக உலகப் புகழை விட்டுவிட்டு வந்த அந்த இருவர் பெயரையும் இன்று எத்தனை பேர் அறிவார்கள்? என்னைக் கேட்டால், அந்த மலையில் அந்த ஆண்டு நடந்த செயல்களில் இதுவும் பெரியது என்பேன். போகும் வழியில் அவர்கள் மலைமுகட்டில் விட்டுச் சென்ற, பாதிக்கும் குறைவாக வாயு எஞ்சிய இரண்டு உருளைகள் மூன்று நாள் கழித்து ஹில்லாரிக்கும் டென்சிங்குக்கும் இறங்கும் வழியில் உதவக் காத்திருந்தன.

மே 29. விடியற்காலை நான்கு மணிக்குக் கூடாரத்தில் எழுந்த ஹில்லாரி, தம் காலணிகள் இரும்புபோல உறைந்து கிடக்கக் கண்டார். அடுப்பில் காட்டி இளக்க வேண்டியதாயிற்று. 6.30 மணிக்கு இருவரும் புறப்பட்டார்கள். ஒன்பது மணிக்குத் தென்சிகரம். முதல் உருளை தீர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒரே ஒரு முழு உருளை மிச்சம். அதில் 800 லிட்டர். செலவு நிமிடத்துக்கு 3 லிட்டர். ஹில்லாரி அந்த உயரத்தில், மூளை மந்திக்கும் அந்த மெல்லிய காற்றில், மனக்கணக்குப் போட்டார். நீங்கள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து காகிதத்தில் போடுங்கள்: 800-ஐ 3-ஆல் வகுக்க 266 நிமிடம், ஏறக்குறைய நாலரை மணி நேரம். ஆக, பகல் ஒன்றரை மணிக்குள் உச்சிக்குப் போய்த் திரும்பித் தென்சிகரத்தைக் கடந்து இறங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

முகட்டில் நாற்பது அடி உயரத்தில் ஒரு பாறைச் சுவர் வழிமறித்தது. பாறைக்கும் பனிக்கும் இடையிலிருந்த பிளவில் உடம்பை நுழைத்து ஹில்லாரி மேலேறினார். கயிற்றின் மறு முனையில் டென்சிங் தொடர்ந்தார். 11.30-க்கு உச்சி. அங்கே இருந்தது பதினைந்து நிமிடமே. இறங்கத் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தென்சிகரத்துக்கு மீண்டார்கள். மணி பன்னிரண்டே முக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் முக்கால் மணி நேரம் மிச்சம்! கூடாரத்தை விட்டது முதல் உச்சியை அடைந்தது வரை, நொடிக்கு ஐந்து வீதம், அந்தச் சிறு கடிகாரம் 90,000 தடவை ஒலித்திருக்கும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன செய்தார்கள்? ஐக்கிய நாடுகள், பிரிட்டன், நேபாளம், இந்தியா ஆகியவற்றின் கொடிகள் கட்டிய பனிக்கோடரியை டென்சிங் உயர்த்திப் பிடிக்க, ஹில்லாரி படம் எடுத்தார். டென்சிங் ஒரு சிறு குழி தோண்டி இனிப்புகளைக் காணிக்கையாக வைத்தார். குழுத் தலைவர் ஜான் ஹண்ட் கொடுத்தனுப்பிய சிறு சிலுவையை ஹில்லாரி அதன் அருகே வைத்தார். டென்சிங்கின் குழிக்குள் போன பொருள்களில் ஒரு சிவப்பு நீலப் பென்சில் துண்டும் இருந்தது. அவருடைய இளைய மகள் நீமா, “அப்பா, இதை உச்சியில் வைத்துவிடுங்கள்” என்று கொடுத்தது. டென்சிங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்த உச்சியில் பெண் ஒருத்தி கால் வைக்க இன்னும் 22 ஆண்டுகள் ஆயின. ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தபெய் 1975 மே 16-இலும், நம் நாட்டுப் பச்சேந்திரி பால் 1984 மே 23-இலும் அங்கே நின்றார்கள். ஆனால் ஒரு பெண்பிள்ளையின் பென்சில் அவர்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இடையே நம் ஊருக்கும் அந்த மலைக்கும் உள்ள உறவு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பரங்கிமலை அடிவாரத்துச் சமவெளியில் 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் ஒரு நேர்கோட்டைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே வடக்கே சென்ற நில அளவைதான், அரை நூற்றாண்டு கழித்து இமயத்தின் அந்தச் சிகரமே உலகில் உயர்ந்தது என்று கண்டது. வங்காளத்துக் கணித வல்லுநர் ராதாநாத் சிக்தார் இந்தக் கணக்கில் பெரும் பங்கு கொண்டவர். 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி. நேபாளமும் சீனாவும் 2020-இல் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். அடியாக மாற்றிப் பாருங்கள், பழையவர்கள் எவ்வளவு நெருங்கியிருந்தார்கள் என்று தெரியும்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தக் கடிகாரம் எவரெஸ்ட் போனது என்று நமக்கு எப்படித் தெரியும்? கடிகாரத்தைத் திறந்து பார்த்தால் பனியா ஒட்டிக்கொண்டிருக்கிறது? உச்சியில் எடுத்த புகழ்பெற்ற படத்தில் இருப்பவர் டென்சிங். அவர் மணிக்கட்டும் உடைக்குள் மறைந்திருக்கிறது. ஹில்லாரியைப் படம் எடுக்க ஆளில்லை. ஒரு பொருளின் பிறப்பு வளர்ப்பை, அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாற்றை, அந்தப் பொருள் தானாகச் சொல்லாது. மனிதர்தான் சொல்ல வேண்டும். சொன்னதை எழுதி வைக்க வேண்டும்.

எவரெஸ்ட் பயணத்துக்கு ஸ்மித்ஸ் மட்டுமல்லாமல் சுவிட்சர்லாந்தின் ரோலெக்ஸ் நிறுவனமும் கடிகாரங்கள் கொடுத்திருந்தது. வெற்றிச் செய்தி வந்ததும் இரு நிறுவனங்களும் விளம்பரம் செய்தன. ரோலெக்ஸ் அதே 1953-இல் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற வகையை வெளியிட்டது. ஸ்மித்ஸ் ‘எவரெஸ்ட்’ என்ற பெயரிலேயே கடிகாரம் விற்றது. சூரிச் நகரின் பேயர் அருங்காட்சியகத்தில் ஹில்லாரியின் பெயரோடு ஒரு ரோலெக்ஸும் இருக்கிறது. ஆக உச்சியைத் தொட்டது எது? ஹில்லாரி ஸ்மித்ஸ் நிறுவனத்துக்குத் தந்த சான்றில், அவர்கள் கடிகாரத்தைத் தாம் உச்சிவரை கொண்டு சென்றதாகவும் அது நன்றாக ஓடியதாகவும் கூறியிருக்கிறார். அணிந்தவரே தம் பெயரில் சொன்ன சாட்சி அது. ரோலெக்ஸ் கடிகாரங்கள் அந்தக் குழுவினரோடு சென்று கடும் சோதனையில் தேறின என்பதும் உண்மையே. ஆனால் ‘எவரெஸ்ட் பயணத்தில் உடன் சென்றது’ என்பதும் ‘எவரெஸ்ட் உச்சிக்குச் சென்றது’ என்பதும் ஒன்றா? இலக்கண வகுப்பில் வேற்றுமை உருபு எதற்கு என்று கேட்கும் பெண்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் மெல்லப் படித்துப் பார்க்கட்டும்.

கடிகாரமும் சாட்சியும் என்றதும் இன்னொருத்தியின் கதை நினைவுக்கு வருகிறது. மலையை விட்டுச் சற்றே கடலுக்குப் போவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற லண்டன் தட்டச்சுப் பெண் 1927 அக்டோபர் 7-ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தாள். அதைச் செய்த முதல் பிரிட்டிஷ் பெண் அவளே. நான்கே நாளில் வேறொரு பெண் தானும் நீந்தியதாகச் சொல்லி, பிறகு அது பொய் என்று ஒப்புக்கொண்டாள். அந்தப் பொய்யின் பழி கிளைட்ஸ்மேலும் படிந்தது. ‘நீ மட்டும் நீந்தினாயா?’ என்று கேட்டார்கள். அவள் வாதாடவில்லை, அக்டோபர் 21-ஆம் நாள் மறுபடியும் கடலில் இறங்கினாள். இந்தத் தடவை கழுத்தில் நாடா கட்டி ஒரு ரோலெக்ஸ் கடிகாரமும் தொங்கியது. உறைய வைக்கும் தண்ணீரில் பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தியும் கரையை எட்ட முடியவில்லை. படகில் தூக்கிப் போட்டார்கள். ஆனால் அருகே படகில் இருந்து பார்த்தவர்களுக்கு, முதல் நீச்சலைப் பற்றிய ஐயம் நீங்கிவிட்டது. கடிகாரமும் தண்ணீர் புகாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே ஒரு செய்தித்தாளின் முதற் பக்கம் முழுவதும் அந்தக் கடிகாரத்தின் விளம்பரம். கடிகாரத்துக்குக் கிடைத்த புகழில் பாதிகூட அவளுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

சாட்சி சொல்ல யாரும் மிஞ்சாதபோது என்ன ஆகும்? அதற்கும் எவரெஸ்டிலேயே ஒரு கடிகாரம் உண்டு. 1924 ஜூன் 8-ஆம் நாள் ஜார்ஜ் மாலரியும் ஆண்ட்ரூ இர்வினும் வடக்குப் பக்கத்திலிருந்து உச்சியை நோக்கிப் போனார்கள். கீழிருந்த நோயல் ஓடல், பகல் 12.50-க்கு மேகம் விலகிய ஒரு கணத்தில் முகட்டில் இரண்டு புள்ளிகள் நகரக் கண்டார். மேகம் மூடிக்கொண்டது. அதன்பின் அவர்களை உயிரோடு யாரும் காணவில்லை. அவர்கள் உச்சியை அடைந்தார்களா இல்லையா என்று நூறு ஆண்டுகளாக நடக்கும் வாதம், ஓடல் தம் கடிகாரத்தில் பார்த்துச் சொன்ன அந்த 12.50-ஐச் சுற்றியே வருகிறது.

1999 மே 1-ஆம் நாள் தேடும் குழு ஒன்றைச் சேர்ந்த கான்ராட் ஆங்கர், ஏறக்குறைய 8,155 மீட்டர் உயரத்தில் மாலரியின் உடலைக் கண்டார். குளிர் அந்த உடலை 75 ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தது. இடுப்பைச் சுற்றி அறுந்த கயிறு. பையில் கடிதங்கள், பனிக் கண்ணாடி, பேனாக்கத்தி. அவற்றோடு கைக்கடிகாரமும் இருந்தது. மணிக்கட்டில் இல்லை, பையில்! அதன் மேல் கண்ணாடி காணாமற் போயிருந்தது. ஏறும்போது எங்கோ பாறையில் இடித்துக் கண்ணாடி உடைந்திருக்கலாம். முட்களைக் காப்பாற்ற அவர் கழற்றிப் பையில் போட்டிருக்கலாம். அப்படியானால் உடைந்தது எங்கே, எந்த மணிக்கு? பனிக் கண்ணாடியும் பையில் இருந்ததால், விழுந்தபோது சூரியன் மறைந்திருக்கும் என்று சிலர் ஊகிக்கிறார்கள். மாற்றுக் கண்ணாடியாகவும் இருக்கலாமே என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். ஹில்லாரியின் கடிகாரத்தைவிட விறுவிறுப்பான துப்பு இதில் இருக்கிறது. ஆனால் பேச அதன் சொந்தக்காரர் இல்லை. இர்வினுடையது என்று கருதப்படும் பாதமும், அவர் பெயர் தைத்த காலுறையும் 2024-இல் பனியாற்றில் கிடைத்தன. அவரிடம் இருந்ததாகக் கருதப்படும் நிழற்படக் கருவிக்காக இன்னும் தேடுகிறார்கள்.

பேசக்கூடியவர்களோ, 1953-இல் வேறு வகையில் திணறினார்கள். காட்மாண்டில் இறங்கியதும், ‘முதலில் கால் வைத்தது யார்?’ என்று நாடுகளும் பத்திரிகைகளும் அவர்களை நெருக்கின. ஹில்லாரியா, டென்சிங்கா? ஒரே கயிற்றில் ஒருவர் உயிரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறியவர்களிடம் இப்படி ஒரு கேள்வி! இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே உச்சியை அடைந்தோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். பிறகு 1955-இல் வெளிவந்த தம் வரலாற்றில் டென்சிங், ஹில்லாரியே சில அடி முன்னால் இருந்தார், முதலில் கால் வைத்தவர் அவரே என்று தாமாகவே சொல்லிவிட்டார். தமக்கு ஆதாயம் இல்லாத பக்கம் சொன்ன சாட்சிக்கு எடை அதிகம், நீதிமன்றத்திலும் அப்படித்தான்.

ஸ்மித்ஸ் நிறுவனம் செல்டனாம் நகருக்கு அருகே வைத்திருந்த கைக்கடிகாரத் தொழிற்சாலை 1970-ஐ ஒட்டி அந்தத் தொழிலை நிறுத்திவிட்டது. ஆகவே அந்தக் காலத்து டீலக்ஸ் கடிகாரங்களைப் பழம்பொருள் விரும்பிகள் இன்று தேடி வாங்குகிறார்கள். நம் வீடுகளில் ஸ்மித்ஸ் இருக்கும் வாய்ப்புக் குறைவு. பெங்களூரில் 1961-இல் தொடங்கிச் செய்த எச்.எம்.டி. ஒன்று பல வீட்டுப் பெட்டிகளில் தூங்கிக்கொண்டிருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால், பாட்டியிடமோ தாத்தாவிடமோ உட்கார்ந்து, யார் வாங்கியது, எந்த ஆண்டு, எதற்காக, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று கேட்டுத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, சொன்னவரின் கையெழுத்தும் வாங்கிக் கடிகாரத்தோடு வையுங்கள். விடுமுறையில் செய்யக்கூடிய வேலைதான்.

ஓர் எச்சரிக்கை மட்டும். 1960-களுக்கு முற்பட்ட கடிகாரங்களில் இருட்டில் ஒளிர்வதற்காக முட்களிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பூச்சு இருக்கக்கூடும். மேரி கியூரி அம்மையார் 1898-இல் கண்டுபிடித்த அதே ரேடியம். அமெரிக்காவில் 1920-களில் இந்தப் பூச்சு வேலை செய்த இளம்பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி பழக்கப்பட்டார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் மாண்டார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் வலுப்பட அவர்கள் பட்ட வேதனையும் ஒரு காரணம். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். பூச்சு ஒளி மங்கியிருக்கலாம், கதிர்வீச்சு மங்கியிருக்காது. மூடிய கடிகாரத்தால் பெரிய தீங்கில்லை. ஆனால் அதைத் திறந்து, முகத்தைச் சுரண்டி, தூசியை வாயால் ஊதிவிடக் கூடாது. பழுது பார்க்கக் கொடுக்கும்போது, “இது ஒளிரும் முகம் உள்ள பழைய கடிகாரம்” என்று அந்தக் கடைக்காரரிடமும் சொல்லிக் கொடுங்கள்.